எதிர் வீட்டுக் கிண்ணமும் முதல் உலகப் போரும்

எங்கள் வீட்டில் முதல் உலகப் போர் எப்போதும் காய் நறுக்கும் நேரத்தில்தான் நடக்கும். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் முதல் மாடி எங்களுடையது. அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, டீச்சராகிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே வெறி. ஆனால் கண்ணால் படித்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஏறாது. யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னால் குறட்டைதான் பதிலாக வரும். நானோ புத்தகத்தைக் கண்டதுமே ஓடிவிடுவேன். கடைசியில் அகப்பட்டவர் எதிர் வீட்டுச் சித்தி.

சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை. அவர் பூந்தமல்லிக்காரர், மாதா கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், வேதக்கோயில் என்கிற சி.எஸ்.ஐ. சபை. இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுதான் இடம். சித்தி அரிவாள்மனையும் கையுமாக எங்கள் நிலைப்படிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அம்மா சொல்லச் சொல்ல, "அப்பால இன்னாக்கா ஆச்சு?" என்று தொடர்கதை கேட்பதுபோலக் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அம்மா ராத்திரி அடுத்த அத்தியாயத்தைப் புரட்டி வைப்பார்.

பழைய கேள்வித்தாள்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. முதல் உலகப் போரைத் தவிர்த்திருக்க முடியுமா, விவாதிக்க. ஜெர்மனி ராஜாவும் ரஷ்ய ராஜாவும் உறவுக்காரர்கள், சண்டை மூளும் நேரத்தில் ஒருவருக்கொருவர் தந்தி அடித்துக்கொண்டார்கள் என்று அம்மா சொன்னதும் சித்தி அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சொந்தக்காரங்களுக்குள்ள தந்தி இன்னாத்துக்குக்கா? நேரா ஊட்டுக்குப் போய்க் கதவத் தட்டி ரெண்டு வார்த்த பேசிக்கினா தீந்துபூடும்ல."

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அதெல்லாம் முடியாது. ரெண்டு கூட்டத்துலயும் வாக்குக் குடுத்தாச்சு. இனி ஒதுங்கி நின்னா மானம் போயிரும்லா."

"அண்ணாத்தே டாங்கி செய்றவரு. சண்ட வாணாம்னா சொல்லப்போறாரு" என்றார் சித்தி.

அந்தக் கோடையில் சண்டை எங்கள் படிக்கட்டுக்கே வந்தது. கீழ் வீட்டுக்காரர் முற்றத்தில் புடவை விரித்து வடகம் காயவைத்திருந்தார். இரண்டாம் மாடிக் கொடியிலிருந்து ஒரு ஈரப் பெட்ஷீட் காற்றில் கழன்று நேராக அதன்மேல் விழுந்தது. வேண்டுமென்றே போட்டது என்றார் கீழே. வடகம் இட இதுவா இடம் என்றார் மேலே. வார்த்தை தடித்தது. கீழ் வீட்டுக்காரர் எங்கள் ஊர், கோயிலில் அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர். "நீங்க என் பக்கம்தானக்கா?" என்று கேட்டார், அம்மாவும் தலையை ஆட்டிவிட்டார். மேல் வீட்டுக்காரர் சித்திக்கு நாத்தனார். நாத்தனாருக்காகப் பேசாவிட்டால் புகுந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? பெட்ஷீட்டும் எங்களுடையது இல்லை, வடகமும் எங்களுடையது இல்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் அம்மாவும் சித்தியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அப்போதும் அது வெறும் முகத்திருப்பல்தான். சித்தியின் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று எங்கள் அடுக்களையில் இருந்தது. முந்தின நாள் மீன் குழம்போடு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்ப மாட்டார்கள், அது சித்திக்கும் தெரியும். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மாவுக்கு அதில்தான் நம்பிக்கை. இரண்டு நாள் சூடு ஆறட்டும், ரவா லட்டு பிடித்து அந்தக் கிண்ணத்தில் வைத்து அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரவையைக்கூட வறுத்து வைத்திருந்தார்.

அதற்குள் அப்பாவுக்கு சமாதானம் பேசும் ஆசை வந்துவிட்டது. அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிண்ணத்தைப் பளபளவென்று விளக்கித் துடைத்து, எதிர்க் கதவைத் தட்டினார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் போனார். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தை நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டார், காலிக் கிண்ணத்தை. டாங்கிக்கு நட்டு போல்ட்டு பூட்டுகிற மனிதருக்கு ஒரு கை சர்க்கரை ஞாபகம் வரவில்லை.

பத்து நிமிடத்தில் எங்கள் இட்லித் தட்டு வாசலில் இருந்தது, கழுவி, காலியாக. அம்மா வந்து பார்த்தார். வறுத்து வைத்திருந்த ரவையை டப்பாவில் கொட்டி மூடிவிட்டார். பிறகு அவர்கள் சல்லடை அங்கே போனது, எங்கள் புட்டுக்குழல் இங்கே வந்தது. இத்தனை வருடமாக இரண்டு அடுக்களையிலும் கலந்து கிடந்த பாத்திரமெல்லாம் அன்றைக்குத்தான் பிரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாதத்திலேயே கீழ் வீடும் மேல் வீடும் ஒரு கல்யாணத்துக்கு ஒன்றாக பஸ் ஏறிப் போய் வந்தார்கள். சண்டை போட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள். துணைக்குப் போனவர்கள்தான் மாட்டிக்கொண்டோம்.

அம்மா அடுப்பைப் பார்த்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். அந்த நேரத்தில் எதிர்க் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். இரண்டு பேருக்கும் ரோஷம் அப்படி. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அம்மா அந்தத் தாளில் தேறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை எழுதித் தேறி, டீச்சராகி, பக்கத்துச் சேக்காட்டில் பாதிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதனால் யாரும் வருத்தப்பட வேண்டாம்.

பரீட்சை அன்று அம்மா சீக்கிரமே திரும்பிவிட்டார். படியேறி வந்தவர் எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. பரீட்சைக்குக் கட்டிய புடவையோடு, கைப்பை தோளில் தொங்க, எதிர்க் கதவைத் தட்டினார். சித்தி திறந்தார்.

"அந்தக் கேள்வி வந்துச்சு" என்றார் அம்மா.

"இன்னா எய்தின?"

"முடியும்னு ஆரம்பிச்சேன். ஒருத்தர் எந்திரிச்சுப் போயி கதவத் தட்டியிருந்தாப் போதும்னு எழுதினேன். அதுக்கு மேல கை ஓடல. இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? பேப்பரக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பாதில எய்ந்து வந்துட்டியா? இன்னாக்கா நீ. ராஜாங்க ரெண்டு பேரும் தந்தி அடிச்சிக்கினத எய்தியிருக்கலாம்ல."

அம்மா அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சித்தி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொரு கையில் அதே எவர்சில்வர் கிண்ணம், நிறைய மீன் குழம்பு. எங்கள் கதவருகே தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை அம்மாவின் மடியில் வைத்தார்.

"இந்தத் தபா இத்தக் கய்வி அண்ணாத்தே கைல மட்டும் குட்தனுப்பாதேக்கா."