ஊமைப் படத்து மாமன் மகன்

வில்லியனூர் பக்கம் எங்கள் பங்குச் சாமியார் இரண்டு பழைய பிரெஞ்சு ஊமைப் படங்களைக் காட்டினார். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு மதியம், பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்கு கட்டி. திரையில் எழுத்து வரும்போதெல்லாம், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்சன்காரரான ஒரு சொல்தா அதைத் தமிழில் உரக்கச் சொல்வார். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவிக்குச் சொந்த ஊர் பாகூர்.

முதல் படத்தில் ஒருவன், தன் மனைவி தோட்டத்தில் வேறொருத்தனோடு பேசுவதைப் பார்க்கிறான். யாரென்று கேட்கவில்லை, அவளோடு பேச்சை நிறுத்திவிடுகிறான். அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். பிணத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான், வந்தவன் யாரென்று கேட்கிறான். பதில் அடுத்த எழுத்தில் வந்தது.

"மாமன் மவன்," என்றார் சொல்தா.

திரையில் அவள் நிரபராதி என்று எல்லோரும் அழுதார்கள். எங்கள் கூடத்திலோ ஒரு 'ஓகோ' எழுந்தது. மாமன் மகன் கட்டிக்கொள்ளும் முறை ஆயிற்றே. புருஷன் சந்தேகப்பட்டது நியாயம்தான் என்று பேசிக்கொண்டே கலைந்தோம்.

"அந்தாளு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றாள் என் மனைவி.

அந்தப் புதன்கிழமை அவளுடைய மாமன் மகன் சைக்கிளில் வந்தான். வேலியோரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. சோறு போட்டாள், தின்றேன்.

இரண்டாவது படத்திலும் அதே சந்தேகம். ஆனால் இவன் நேராகக் கேட்டுவிடுகிறான், வந்தவன் அவள் அண்ணன் என்று தெரிகிறது, சுபம். கேட்டவன் பிழைத்தான், கேட்காதவன் கெட்டான், அவ்வளவுதான் சங்கதி. காமாலைக் கண்ணனான எனக்குப் புரிந்தது வேறு. அண்ணன் என்றால் சரி, மாமன் மகன் என்றால் விடக்கூடாது.

அவள் கிணற்றடியில் வெகுநேரம் நிற்க ஆரம்பித்தாள். பயமாகத்தான் இருந்தது. அப்போதும் என் வீம்பு வாயைத் திறக்க விடவில்லை.

மறுவாரம் டீக்கடையில் சொல்தாவிடம் முதல் படத்து மாமன் மகனைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் சிரித்தார்.

"பெரியப்பா மவனுக்கும் மாமன் மவனுக்கும் பிரெஞ்சுல ஒரே சொல்லுதான்பா. எனக்கு வாய்ல வந்தது அது."

பெரியப்பா மகன் எங்களுக்கு அண்ணன். செத்தவளுக்கு நாங்கள் கெட்ட பெயரும் கட்டியிருந்தோம். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வீட்டுக்குள் போகுமுன் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

உள்ளே அவள் பையில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். உயிர் திரும்பி வந்தது எனக்கு.

"அவன் அன்னிக்கு இன்னாத்துக்கு வந்தான்?" என்றேன்.

"எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குது, வந்து பாருன்னு கூப்புடத்தான். உங்க மூஞ்சியப் பாத்து எப்படிக் கேக்கறது? காலைல ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சி. ராத்திரியே உசுரு போயிடுச்சாம்."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று முனகினேன்.

"மொத படத்துலயும் அந்தாளு கடைசில கேட்டான்," என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.