தேங்காய் எண்ணெயில் மாட்டிய தாடை

சனிக்கிழமை காலை தலைக்கு வைக்கலாம் என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். எண்ணெய் வரவில்லை. குலுக்கினேன், அடியில் தட்டினேன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் மெழுகுதிரிபோல வெள்ளையாக உறைந்து நின்றது. ஊரில் மார்கழிப் பனிக்கு இது சற்றுக் கலங்கும், அவ்வளவுதான். இப்படி மரக்கட்டையாக நின்றதை நாற்பத்தைந்து வயதுவரை நான் கண்டதில்லை. அதுவும் ஏப்பிரல் மாதத்தில். யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலுக்குத் தார் றோட்டு உருகிக்கொண்டிருக்கும் நேரத்தில், மெல்பேர்ணில் என் தலை எண்ணெய் கல்லாகிவிட்டது. முதல் நாள் வெள்ளிக்கிழமை, சட்டை முதுகோடு ஒட்டும் வெக்கை. இரவோடிரவாகத் தெற்கிலிருந்து காற்றுத் திரும்பியிருக்கிறது. இந்த ஊர்க் காற்று யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

சிரிப்புத்தான் வந்தது. அறைத்தோழன் சீனிவாசனைக் கூப்பிட்டு இந்த அதிசயத்தைக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால், முதல் நாள் பின்னேரம் இதே எண்ணெயைப் பூசி ஒரு பிளாஸ்டர் அச்சுக்குள் நான் ஒரு சாமானை வைத்து மூடிவிட்டு வந்திருந்தேன். அந்தச் சாமான் தலையில் வைக்கிற பூ அல்ல. பிரான்ஸ் நாட்டுக் குகையொன்றில் எடுத்த நியண்டர்தால் மனிதனின் கீழ்த்தாடைத் துண்டு. மூன்று பற்களோடு. அசல்.

நான் யார், எனக்கும் அந்தத் தாடைக்கும் என்ன உறவு என்று ஊரில் இதை வாசிப்பவர்கள் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படிப்பித்தவன் நான். ஜனவரியில் இங்கே வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பகுதியில் எலும்புகளுக்கு அச்சு எடுத்து வார்ப்புச் செய்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம் என்றார்கள். அந்த மூன்று மாதமும் அடுத்த திங்கட்கிழமையோடு முடிய இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் மனைவி திலகத்தையும் பெண்பிள்ளைகள் இரண்டையும் கூப்பிடலாம். இல்லாவிட்டால் நானே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் இறங்கி, வழியனுப்ப வந்த அத்தனை பேருக்கும் மாலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என் மேலதிகாரி கோலின். அவரை வெறுமனே கோலின் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது இங்கத்தைய வழக்கம். முதல் மாதம் முழுவதும் அதற்குப் பயந்து அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல், முன்னால் போய் நின்று இருமினேன். தில்லைநாதனான என்னை அவர் 'நேதன்' ஆக்கிவிட்டார். இருமலுக்கு 'ஸ்ட்ரெப்சில்' ஒன்றும் வாங்கித் தந்தார். நல்ல மனிதர். நியண்டர்தால் தாடைகளையும், அதற்குப் பின்னால் ஐரோப்பாவுக்கு வந்த நம்மினத்து ஆதிமனிதரின் தாடைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்களுக்கு நாடி, அதாவது மோவாய், உண்டு, நியண்டர்தாலுக்கு இல்லை. வாய்க்குக் கீழே தாடை அப்படியே உள்ளே சரிந்துவிடும். அந்த நாட்டில் நெடுங்காலம் இருந்தவன் நாடியில்லாதவன், பிறகு வந்து குடியேறினவன் நாடியுள்ளவன். ஊர்க்காரன் அழிந்துபோக, வந்தேறி நிலைத்துவிட்டான். இதைக் கோலின் விளக்கியபோது நான் என்னையறியாமல் என் நாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். வந்தேறியாகத் தேறுவதற்கு வேண்டிய உறுப்பு இருக்கிறதே என்று ஒரு ஆறுதல்.

பிரான்சிலிருந்து வந்திருந்த மதாம் ஒடெட், தேய்ந்த பற்களைப் படிக்கிறவர். அந்தத் தாடையைப் பஞ்சு வைத்த தகரப் பேணியில், கைப்பைக்குள் வைத்து, பிள்ளையைப்போல் கொண்டுவந்தார். திங்கட்கிழமை திரும்பிப் போக இருந்தார். அதற்கு முன் கோலினுக்கு ஒரு வார்ப்பு வேண்டியிருந்தது. வழக்கமாக இதற்குப் பாவிக்கும் ரப்பர்க் குழம்பு துறைமுக வேலைநிறுத்தத்தில் கப்பலோடு கிடந்தது. கோலின் தலையைச் சொறிந்தார். அந்த நேரம் பார்த்து என் வாய் எனக்கு முன்னே போய்விட்டது. "பிளாஸ்டரிலேயே எடுக்கலாம். எங்கள் கல்லூரியில் எத்தனையோ எடுத்திருக்கிறேன்." அது பொய்யில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் ஆட்டுத் தாடை, நாய் மண்டை, ஒருமுறை ஒரு முதலைப் பல்வரிசைகூட அப்படித்தான் எடுத்தேன். எலும்பில் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகப் பூசிவிட்டால், பிளாஸ்டர் இறுகிய பிறகு குழலிலிருந்து புட்டுத் தள்ளுகிறதுபோல எலும்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இங்கே அலுமாரியில் அதற்கென்று வழலைக் கரைசல், சோப்புத் தண்ணீர்தான், இருந்தது. ஆனால் அதை நான் நம்பவில்லை. புறப்படும்போது திலகம் மூன்று போத்தல் எண்ணெய் கட்டித் தந்திருந்தாள்.

"தலைக்கு வையாமல் திரியாதேங்கோ. மூளை காஞ்சு போம்," என்றாள்.

"அதுக்கு மூளை இருக்க வேணுமே," என்றேன்.

"ஓம், அதை நான் கலியாணத்துக்கு முன்னமே விசாரிச்சிருக்க வேணும்."

மதாம் பேணியைத் தரும்போது மூன்று விடயம் சொன்னார். தண்ணீரில் நனைக்காதே, நெருப்பருகே வைக்காதே, வெயிலில் வைக்காதே. வெடித்துவிடும். நான் சரியென்று எங்கள் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் பயந்துபோய் மூன்றையும் மறுபடியும் சொன்னார்.

சனிக்கிழமை காலை ட்ராம் பிடித்து ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது. கட்டடத்தில் ஒரு குஞ்சுகுருமான் இல்லை. அறை குளிர்பெட்டிபோல் இருந்தது. மேசையில் அச்சு, இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு வெள்ளைச் செங்கல்போல. விரலால் இழுத்தேன். அசையவில்லை. இடுக்கில் மெல்லிய கத்தியை விட்டு ஒரு நூலளவு நெம்பினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல்லா, எலும்பா, பிளாஸ்டரா என்று தெரியாது. கத்தியை மெதுவாக வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். ஒருமுறை அழிந்துபோன இனத்தை இரண்டாம் முறையும் அழித்த யாழ்ப்பாணத்தான் என்று பேப்பரில் வரும். கள்வர் வந்ததாகச் சொல்லலாமா? தலைக்கு எண்ணெய் வைத்த கள்வன் என்று உடனே பிடித்துவிடுவார்கள். எலி கொண்டுபோனதாக? மூன்று பல்லுள்ள தாடையை எலி எதற்குக் கொண்டுபோகும். கோலின் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார், மதாம் எந்த ஹோட்டல் என்று எனக்குத் தெரியாது. சொல்லி அழவும் ஆளில்லை. எண்ணெய் இளகினால் தாடை கழன்றுவிடும், அது தெரியும். நெருப்பில்லாமல், தண்ணீரில்லாமல், வெயிலில்லாமல் இளக வேண்டும். அந்தக் குளிர் அறையில் சூடாக இருந்த ஒரே பொருள் நான்தான்.

ஆகவே அச்சைத் துவாயில் சுற்றி, சேட்டுக்குள் வயிற்றோடு வைத்து, மேலே ஓவர்கோட்டைப் பூட்டிக்கொண்டு ட்ராமில் ஏறினேன். இரண்டு கையாலும் வயிற்றை அணைத்தபடி இருந்த என்னைப் பார்த்து, எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மா உருகிப்போனார்.

"பேபியா, லவ்? இந்தக் குளிரில் மூச்சு விடுமா அது?"

"மூச்சு விட்டு ஐம்பதாயிரம் வருடம் இருக்கும்," என்றேன். பதற்றத்தில் வந்த உண்மை.

அவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார். இறங்கி, அடுத்த ட்ராமுக்காக அங்கேயே நின்றார்.

வீட்டில் சீனிவாசன் குசினியில் நின்றான். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர், கலியாணமாகாதவன், என்னை மாஸ்டர் என்பான்.

"என்ன மாஸ்டர், வயித்து வலியா? மூஞ்சி இப்படி வெளுத்திருக்கே."

"தம்பி, நான் கெட்டன்," என்று கோட்டைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. அச்சைத் தொட்டுப் பார்த்தான். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "உங்க வயிறே ஜில்லுனு இருக்கு மாஸ்டர். இது உங்களால ஆகாது," என்று சொல்லி என்னைத் தன் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கம்பளிக்கும் இரண்டு ஸ்வெட்டருக்கும் நடுவே, இரண்டு சுடுதண்ணீர்ப் பைகளுக்கிடையில், ஒரு எவர்சில்வர் பாத்திரம் படுத்திருந்தது. இந்த நாட்டில் உறைக்கு ஊற்றினால் பால் பாலாகவே இருக்கும். அதற்காக அவன் கண்டுபிடித்த ஏற்பாடு. தேங்காய் எண்ணெயோ கேட்காமலே உறைகிறது, பால் கெஞ்சினாலும் உறையமாட்டேன் என்கிறது. அப்படி ஒரு தேசத்துக்கு நாங்கள் வந்திருக்கிறோம்.

"ரெண்டு நாளா இந்தத் தயிருக்குக் காத்திருக்கேன். பரவால்ல, உங்காளு படுத்துக்கட்டும்," என்று பாத்திரத்தைத் தூக்கினான். அரைகுறையாகத் திரண்டிருந்த தயிர் தளும்பியது. அவன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தயிரில்லாமல் இன்னொரு ஞாயிறு.

தண்ணீர்ப் பையைக் கையால் சோதித்து, அதிகம் சூடாகாமல் மாற்றி மாற்றி வைத்தோம். பின்னேரம் முழுவதும் நான் கட்டில் ஓரத்தில் முழங்காலில் இருந்தேன். திலகத்தின் பிள்ளைப்பேற்றுக்கும் ஆஸ்பத்திரி விறாந்தையில் இப்படித்தான் இருந்தேன் என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். அப்போது நான் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

வெளியே வெளிச்சம் போகிற நேரம், துவாயில் ஒரு ஈரக்கறை படர்ந்தது. தேங்காய் எண்ணெய் மணம் அறை முழுக்க எழும்பியது. சீனிவாசன் ஒரு பாதியைப் பிடிக்க, நான் மறுபாதியைப் பிடித்தேன். அச்சு திறந்தது. தாடை வழுக்கிக்கொண்டு என் கைக்குள் வந்து விழுந்தது. பற்களை எண்ணினேன். மூன்று. பிறகு சீனிவாசன் எண்ணினான். அவனுக்கும் மூன்றுதான். காலையில் 'டிக்' என்று உடைந்தது அச்சின் விளிம்புதான்.

ஆனால் வரும்போது சாம்பல் நிறமாக இருந்த எலும்பு, இப்போது எங்கள் ஊர் மனிதனைப்போல் கறுத்து மினுங்கியது. அச்சில் வார்ப்பை ஊற்றி வைத்துவிட்டு, ஞாயிறு முழுவதும் எலும்பைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மினுக்கம் போனது, நிறம் போகவில்லை.

திங்கள் காலை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதாம் பேணியைத் திறந்ததும் மணம் எனக்கு முன்னே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவர் தாடையை மூக்கருகே பிடித்தார். பிறகு என் தலையை மோந்தார். கோலின் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மதாம் தன் லென்சை எடுத்து எலும்பை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோ, கண்டெடுத்தவர் பூசிய வார்னிஷ்," என்றார். "இது, பிறகு வந்தவர் ஒட்டிய பசை. இந்த இலக்கத்தை எழுதியவர் என் ஆசிரியர். ஒவ்வொரு மூடனும் இதில் தன் அடையாளம் ஒன்றை விட்டிருக்கிறான். இனி நீங்கள்." சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பேணியை மூடி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வார்ப்பு நன்றாகத்தான் வந்தது. பல்லின் கீறல்கூடத் தெரிந்தது. கோலின் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல வேலை, நேதன்," என்றார். நான் நிரந்தரம் என்ற சொல்லுக்காகக் காத்து நின்றேன். "ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பாருங்கள். பிறகு பேசுவோம்." இந்த ஊரில் 'பிறகு பேசுவோம்' என்றால் என்ன அர்த்தம் என்று நான் சீனிவாசனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

இதை எழுதும்போது ஜூலை. குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை தைக்கலாமா, பொறுக்கலாமா என்று திலகம் கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் எழுதவில்லை. திலகத்தின் எண்ணெயில் ஒரு துளி, பிரான்சில் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கேட்பாரில்லாமல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கடைசிப் போத்தல் இங்கே மேசையில், யன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் நிற்கிறது. ஹீட்டர்ப் பக்கம் எண்ணெய் தெளிந்து, யாழ்ப்பாணத்தில்போல் ஆடுகிறது. யன்னல் பக்கம் வெள்ளையாக இறுகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் அவ்வப்போது எழும்பிப் போய் அதைத் திருப்பி வைக்கிறேன்.