மூணு மெஷின், ஒரு ஃப்ளாப்பி

திரை கறுப்பாகவே இருந்தது. கம்ப்யூட்டர் சென்டர் வேலை என்றால் ஏ.சி.யில் உட்கார்ந்து தட்டுவதுதானே என்று நினைக்கும் சக பாவிகளே, மூன்று கம்பெனியின் மூன்று மெஷின் இருக்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

எங்கள் சென்டர் திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில். மெஷினை எழுப்பி வேலை வாங்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று ஃப்ளாப்பியில் வந்தது. யாரோ ஒரு வாத்தியார் எழுதி, யாரும் காப்பி எடுக்கலாம், மாற்றலாம் என்று சும்மாவே கொடுத்தது. “மூன்று மெஷினிலும் ஒரே சிஸ்டம்” என்று முதலாளி போர்டே மாட்டிவிட்டார். ஓட வைப்பது என் தலையில். பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டும் என் நைனா ஒரே பேச்சாகச் சொன்னார்: “ஆடிக் கிருத்திகைக்கு வருவேன். மூணுலயும் ஓடலன்னா மூட்டையக் கட்டிகினு தறிக்கு வந்துடணும்.”

கறுப்புத் திரை

முதல் மெஷினில் ஓடியது. இரண்டாவதில் டிரைவ் கறகறவென்று சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. திரைக்கான எழுத்தை மெமரியில் போடும் இடம் அந்த மெஷினில் வேறு. சிஸ்டம் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. “ஓடுது சார், கண்ணுக்குத்தான் தெரியல” என்றேன். முதலாளி மானிட்டருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

“ஓடுதுன்றே. எங்கடா ஓடுது, சித்தூருக்கா?”

மலையேறிய ஃப்ளாப்பி

அந்த இடத்தைச் சொல்லும் ஒரு வரியைக் கண்டுபிடித்து மாற்ற எனக்கு ஒன்பது நாள். எழுத்து வந்ததும் முதலாளிக்குப் பக்தி வந்துவிட்டது. ஃப்ளாப்பியை மலைக் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜையில் வைத்தார். உறையில் உள்ளே இருக்கும் தகடு தெரிய ஒரு திறப்பு உண்டு. பொட்டு வைக்கத் தோதான இடம். குங்குமம் சரியாக அங்கே. அன்றைக்கு இரண்டு மெஷினும் முதல்முறையாக ஒற்றுமையாக இருந்தன, இரண்டுமே படிக்கவில்லை. நல்லவேளை, நான் இன்னொரு காப்பி எடுத்து வைத்திருந்தேன். அது ஓடியது.

“பொட்டு வெச்சது ஓடல, வெக்காதது ஓடுதுன்னு வெளிய சொல்லிடாதே. அப்புறம் நான் மலையேற முடியாது.”

கேசட் கடை

மூன்றாவதில் சிப்பே வேறு. பாதிக்கு மேல் திருப்பி எழுத வேண்டும். போதாததற்கு ஃப்ளாப்பி போட வாயே கிடையாது, டேப்ரெக்கார்டரை மாட்டி கேசட் போட்டால்தான் படிக்கும். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் முதலாளி ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கேசட் கடைக்குப் போனார், பதிந்து வாங்க. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“காவடிப் பாட்டா சார்? தமிழா, தெலுங்கா?”

கிருத்திகை

காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. மூன்றாவது மெஷினுக்குத் துண்டு போர்த்தி மாலை போட்ட முதலாளி, என் காதில் சொன்னார்: “உங்கப்பா ‘ஓடுதா’ன்னு கேட்டா ‘ஆங்’னு சொல்லு. ஒரே வார்த்தை.” நைனா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு படியேறி வந்தார்.

“மூணுலயும் ஓடுதாடா?”

“ரெண்டுல ஓடுது நைனா. துண்டு போட்டதுல ஓடாது. இன்னும் ஆறு மாசம் ஆவும்.”

நைனா துண்டைத் தூக்கிப் பார்த்தார். முதலாளியையும் பார்த்தார்.

“இந்தத் தறியில நூல் ஓட்டுற நாடா அந்தத் தறியில போவாதுன்னு எங்க வீட்டு வாண்டுக்கே தெரியும், எவன் எழுதுனான் அந்த போர்டு? சரி, நீ மூட்டையக் கட்டு.”

ஒரு எழுத்துகூட மாற்றாமல் மூன்று மெஷினிலும் ஓடியிருக்கக்கூடியது அந்த ‘ஆங்’ ஒன்றுதான். முதலாளி அதைத்தான் சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை.