கேட்டில் அப்பா, ஜிமேட்டில் அம்மா

டப்ளினில் என் வகுப்புத் தோழி ஷிவோன், காலையில் என்னைக் கண்டதும் தன் மப்ளரைக் கழற்றி நீட்டுவாள். இந்தியாக்காரி விறைத்துச் செத்துவிடுவாளோ என்று பயம். “எங்கள் ஊரில் இதைவிடக் குளிரும்” என்றேன் ஒருநாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கொடைக்கானலுக்கும் மேலே, கேரள எல்லையோரக் கிளாவரையில் பனியில் பூண்டு பிடுங்கி வளர்ந்தவள் நான் என்றால் இன்னும் சிரிக்கிறாள். இந்த பிசினஸ் ஸ்கூலில் எனக்குப் பெரிய நகைச்சுவைக்காரி என்று பெயர்.

எம்.பி.ஏ.வுக்கு எந்தத் தேர்வை எழுதலாம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். உருப்படியான அறிவுரை எதுவும் இதில் கிடைக்காது. கேட் (CAT) எழுதினால் உள்நாடு, ஜிமேட் எழுதினால் பெரும்பாலும் வெளிநாடு. கேட் வருடத்துக்கு ஒருமுறை, அவர்கள் சொல்லும் நாளில்தான். ஜிமேட்டுக்கு நாமே நாள் குறித்துக்கொள்ளலாம். மழையும் பஸ்ஸும் நாள் குறிக்கிற ஊரில் பிறந்தவளுக்கு அதுவே பெரிய ஆடம்பரம். ஆனாலும் முடிவெடுக்க முடியாமல் இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தேன். பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

“ஏத்தா, ரெண்டுல எதுல பெயிலானா நீ வீட்டோட கெடப்ப?”

“ரெண்டுலயும் பெயிலானாத்தான்ப்பா.”

“அப்ப ரெண்டையும் எழுதிரு.”

முதலில் மதுரையில் கேட். கணக்குப் பகுதி என்னை யாரென்றே கண்டுகொள்ளவில்லை. முடிவு வந்த அன்று அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். அப்பா கடைக்குப் போய் மிக்சர் வாங்கி வந்தார். அடுத்து கோயம்புத்தூரில் ஜிமேட். அதில் நல்ல மதிப்பெண். டப்ளினில் இடமும் கிடைத்தது.

“பழனிக்குப் போவணும்ங்க. பாப்பா பாஸானா ஒங்களுக்கு மொட்டை போடுறதா நேந்திருக்கேன்” என்றாள் அம்மா.

“வேண்டுனவ நீ. தலை மட்டும் என்னுதா?”

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: “காவடியும் எடுக்கணும்.”

“அது எதுக்கு?”

“ரெண்டுலயும் பெயிலாகணும்னு நான் நேந்திருந்தேன். பாதி நடந்திருச்சுல்ல?”

பழனி போய்ச் சேரும்வரை அம்மா அவரோடு பேசவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் காய, தோளில் காவடியோடு அப்பா படியேறினார். நான் போவதற்கு ஒன்று, போகாமல் இருப்பதற்கு ஒன்று. இரண்டு நேர்த்திக்கடனையும் ஒரே ஆள் தீர்த்தார். பின்னால் சிரித்துக்கொண்டே ஏறிய எனக்குப் பாதி மலையில் சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “வெரசா வந்துரு” என்றார். அப்போது நான் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கவே இல்லை.

இப்போது படிப்பு முடியப்போகிறது. நேற்று இங்கேயே ஒரு வேலைக்கு நேர்காணல். போகும் வழியில், டிராம் நிறுத்தத்தில் நின்றபடி “முருகா” என்று ஆரம்பித்தேன். கிடைக்கவேண்டும் என்று கேட்பதா, கிடைக்கக்கூடாது என்று கேட்பதா? டிராம் வந்தது. கதவு திறந்தது, மூடியது, கிளம்பிப் போனது. சாமியைக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வார்த்தை வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.