வலையில்லாமல் போன தோணி

மீன்பெட்டி ஐஸ் தண்ணீர் பட்டு அந்தத் தபாலட்டையின் ஒரு மூலை சுருண்டுவிட்டது. எத்தனையோ ஊர்களுக்கு என் சட்டைப்பையில் வந்தும் நீல எழுத்துகள் அழியவில்லை: "வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மீன்பிடிக்கப் போகும் முஸ்லிமைப் பற்றி எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

எழுதியவன் நான். அட்டையைச் சஞ்சிகைக்குப் போட்டவர் எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு கல்முனையில் லொறிக்கு மீன் ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிய முதல் கதை அது. அலை கொண்டுபோன மகளின் மையித்துகூடக் கரையொதுங்காத ஒருவன், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை எவரும் தோணி இறக்காத நாளில், வலையைக் கரையில் போட்டுவிட்டுத் தனியே கடலுக்குப் போகிறான். அவ்வளவுதான். ஆசிரியர் அட்டையை எனக்கு அனுப்பி, இரண்டு வரி மன்னிப்புத் தந்தால்தான் அடுத்த கதையைப் போடலாம் என்று எழுதியிருந்தார். இரண்டு வரி ஒன்றும் பாரமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதியிருக்க மாட்டேன்.

சஞ்சிகையோடும் அட்டையோடும் மரைக்காரின் தகரக் கொட்டிலுக்குப் போனேன். அவருடைய வீடும் கடலோடு போயிருந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தயா?"

"இல்ல மரைக்கார். வாசிச்சுக் காட்ட வந்த."

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு ஆர் சொன்ன? எட்டாம் வகுப்புக்காரன் படிப்பிக்க வந்திட்டான்!"

நின்றபடியே வாசித்தேன். வலை கரையில் கிடந்த வரி வந்ததும் கையை உயர்த்தினார். "திரும்ப வாசி." வாசித்தேன். வெள்ளிக்கிழமை என்று கண்ட கோபத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார்.

"அப்ப அவன் மீனுக்குப் போகல்ல. மகளத் தேடிப் போயிருக்கான்."

"ஓம், மரைக்கார்."

சஞ்சிகையை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு, "ஆனா நீ வேறொரு பிழை உட்டிருக்காய். அவன வடக்கால அனுப்பியிருக்காய். மார்கழித் தண்ணி தெற்காலதான் இழுக்கும். திருக்கோவில் கரையிலதான் என்ட பொஞ்சாதிட மையித்த எடுத்த நான்" என்றார்.

அட்டையை என் கையிலிருந்து வாங்கி, பென்சிலால் ஏதோ கீறித் திருப்பித் தந்தார். மன்னிப்பு வேண்டாமென்று ஆசிரியருக்கு அவரே இன்னொரு கடிதம் போட்டார் என்று பிறகு அறிந்தேன்.

நாட்டில் யுத்தம் முடிந்தபின் கதை புத்தகத்தில் வந்தது. பதிப்பகத்தார் வெள்ளிக்கிழமையை விளக்கி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள், சேர்க்கவில்லை. தோணியை மட்டும் திருப்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பிழையாக வாசித்து எனக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் எனக்குத் தெரியாத ஒரு கடல் இருக்கலாம் என்று கடிதம் முழுவதையும் வாசிக்கிறேன். ஆனால் எவருக்காகவும் வலையைத் தோணியில் ஏற்றவில்லை. எட்டாம் வகுப்புக்காரனுக்கு அந்தப் பெருமை போதும்.

தபாலட்டை இப்போது புத்தகத்தில் தோணி திரும்பிய பக்கத்தில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கச் சொன்ன நீல எழுத்துகளுக்குக் கீழே, மரைக்கார் பென்சிலால் கீறிய அம்புக்குறி தெற்கே பார்க்கிறது.