சார்ட்டக்காவின் நான்கு நாள் விடுப்பு

பென்சிலின் பின்முனையால் காதோரம் சொறிந்தபடி, எழுபத்திரண்டு ஓட்டுநர்களின் அடுத்த பதினைந்து நாட்களைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார் சார்ட்டக்கா. முதலில் பென்சில், சரிபார்த்த பின் நீல மை, அடியில் ஒரு கார்பன் நகல். நகலை யாரும் கேட்பதில்லை. அது அவருக்காக அவரே எடுத்துக்கொள்வது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேருந்துப் பணிமனையின் பலகையில் டூட்டி சார்ட் ஏறியாக வேண்டும். பத்தரைக்கே சன்னலில் தலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கும்.

“அக்கா, எனக்கு மறுபடியும் அதிகாலை வண்டியா?”

“நானா போடுறேன்? முறை வரிசை போடுது. நான் எழுதுறேன், அவ்ளோதான். தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க.”

பதினாறு ஆண்டுகளாக இதே பதில்தான். குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

அவருடைய காதலும் இதே சன்னலின் வழியாகத்தான் வந்தது. ஓர் ஓட்டுநர் ஒரே ஆண்டில் முப்பத்தொரு முறை பணி மாற்றம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். கோப்பில் அடுக்கும்போதுதான் அக்கா கவனித்தார்: கேட்ட பணிகள் எல்லாமே மாலை ஐந்தரைக்கு முடிபவை. ஐந்தரைக்குத்தான் அக்கா சன்னலைச் சாத்துவார். ‘காரணம் தெளிவாக இல்லை’ என்று எழுதித் திருப்பினார். மறுநாள் அதே தாள் திருத்தப்பட்டு வந்தது: ‘உங்ககூட பேசிக்கிட்டே வீட்டுக்கு நடக்கணும்.’ விதிகளில் அப்படியொரு காரணத்துக்கு இடமில்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விண்ணப்பித்தவரை ஏற்றுக்கொள்ள மேலும் நான்கு மாதங்கள் பிடித்தன. அப்போது அக்காவுக்கு வயது முப்பத்து நான்கு.

திருமணம் முடிந்த நாற்பதாம் நாள் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கணவருக்குச் சுலபமான வழித்தடங்களாகப் பார்த்துப் போடுகிறார் என்பது புகார். பட்டியல் வேலையைப் பறித்து, பழைய டயர்கள் அடுக்கிய கிடங்கில் அக்காவை உட்கார வைத்தார்கள். அங்கே அவர் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் பணி விதிகளை எவர் துணையும் இன்றித் தாமே படித்து முடித்தார். நான்கு ஆண்டு நகல்களைத் தேதிவாரியாக அடுக்கி விசாரணைக்குக் கொண்டுபோனார். பதினொரு மாதங்களுக்குப் பிறகு ஓர் ஆணை வந்தது: ‘குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.’ குற்றமற்றவர் என்று எழுத ஒருவருக்கும் மை இல்லை போலும். அன்றிலிருந்து பட்டியல் ஏறும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் யாராவது ஒருவர் பலகையின் முன் நின்று, அவருடைய கணவருக்கு எத்தனை நைட் ஹால்ட் என்று விரல் விட்டு எண்ணுவார். வெளியூருக்கு வண்டியை ஓட்டிச் சென்று, அங்கேயே தங்கி, மறுநாள் திருப்பிக்கொண்டு வரும் அந்தப் பணியில் அவருக்கு ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. குழந்தை உண்டாவதற்காக மருத்துவர் குறித்துக் கொடுத்த நாட்கள் பச்சை. கணவர் வீட்டில் இருக்கும் நாட்கள் நீலம். பத்து மாதங்களில் பச்சையும் நீலமும் மூன்றே நாட்களில் சந்தித்தன. முதல் நாளில் கணவர் காய்ச்சலில் கிடந்தார். இரண்டாம் நாளில் காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உறங்கிப்போனார். மூன்றாம் நாளில் இருவரும் அந்தப் பட்டியலைப் பற்றியே பேசத் தொடங்கி, பேச்சு தடித்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

“முதல் ரெண்டு வருஷம் வேணாம்னு பிளான் போட்டதே நீதான்,” என்பார் கணவர்.

“பிளான்ல தப்பில்ல. ஆள் வீட்டுல இருக்கணும்.”

சென்ற மாதம் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “முப்பத்தொம்போது ஆயிடுச்சும்மா. இந்த வருஷத்தத் தள்ளிடாதீங்க.”

இந்தப் பதினைந்து நாள் பட்டியலில் ஐந்து பச்சை நாட்கள் வருகின்றன. முறைப்படி அவற்றில் முதல் நான்கும் கணவரின் நைட் ஹால்ட்டில் விழுந்தன. பென்சிலில் எழுதிவிட்டு அக்கா அந்தக் கட்டங்களையே வெகுநேரம் பார்த்தார். அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அன்றிரவு அக்கா சொல்லக் கேட்டு, மறுநாள் கணவரே வரிசையில் நின்று சன்னலுக்கு வந்தார். “மாத்திக் குடுங்க மேடம். பதிலுக்குப் போக இன்னொரு டிரைவர் ஒத்துக்கிட்டான். கையெழுத்தும் போட்டுட்டான்.”

“காரணம்னு எழுதுற எடத்துல சொந்த வேலைன்னு இருக்கு. என்ன வேலைன்னு எழுதணும், டிரைவர் சார்.”

“அத எழுதச் சொல்றியா?”

பின்னால் நின்ற நடத்துநர் தொண்டையைச் செருமினார். “எழுதுங்கண்ணே. நாங்க வேணா சாட்சிக் கையெழுத்துப் போடுறோம்.”

வரிசையே சிரித்தது. கணவரும் சிரித்துவிட்டார். அக்கா மட்டும் தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் கணவர் சிரிக்கவில்லை. “ஊருக்கே டூட்டி போடுற. நமக்கு நாலு நாள் ஒதுக்க முடியல.”

“மாத்தினா எண்ணிப் பாக்க ஒருத்தன் வருவான். என் பேர ஒரு தடவ கெடுத்தாச்சு. மறுபடி அதத் துடைக்க என்னால ஆகாதுங்க.” சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவத் தொடங்கினார். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார். கணவர் எழுந்து வந்து குழாயை மூடினார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பட்டியல் ஓர் எழுத்தும் மாறாமல் பலகையில் ஏறியது. பதினொன்றேகாலுக்கு அக்கா மேலாளரின் மேசையில் ஒரு தாளை வைத்தார்.

“நாலு நாள் லீவா?” மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? சார்ட் யாரும்மா போடுறது?”

“ரெண்டு வாரத்துக்குப் போட்டாச்சு சார்.”

“காரணம், கணவருடன் வெளியூர்ப் பயணம்.” படித்துவிட்டு மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே கையெழுத்திட்டார்.

குறித்த நாள் காலை ஏழேகாலுக்கு, கணவர் இயந்திரத்தை முடுக்கும் வேளையில் அக்கா ஒரு பையோடு பேருந்தில் ஏறினார். ஓட்டுநர் ஓய்வறையில் குடும்பத்தினர் தங்கக் கூடாது என்பது விதி எண் நூற்றுப் பதினான்கு. ஆகவே அந்த ஊரில் ஒரு விடுதியில் அறை பதிவு செய்து, அதன் ரசீதைப் பையில் வைத்திருந்தார். நடத்துநர் அருகே வந்தார்.

“பாஸ் இருக்கேக்கா. டிக்கெட் எதுக்கு?”

“பாஸ் ஆபீஸ் வேலைக்கு. இது ஆபீஸ் வேல இல்ல. முழு டிக்கெட்டாக் குடுங்க.”

நடத்துநர் உதட்டைக் கடித்துக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அக்கா இரண்டாவது வரிசையில் சன்னலோரமாக அமர்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தார். வண்டி முக்குத் திரும்பியதும் முன்னிருந்து குரல் வந்தது. “என்ன மேடம், சொல்லாமக் கொள்ளாம?”

அக்கா பதில் சொல்லவில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே, ஓடும் வண்டியில் ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதியிருந்தது.

“கோவமா?”

அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றபோது, கணவர் கையை உயர்த்தி உள்கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். எவ்வளவு திருப்பியும், நடைபாதையை ஒட்டிய இருக்கையும் அதன் மேலிருந்த பையும்தான் அதில் விழுந்தன. அவர் கையை எடுத்துவிட்டுக் கியரைப் போட்டார்.

அக்கா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.