திருப்பதியில் பற்றவைத்த நாட்கள்

உடைத்தது யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. ஒட்டியவன் யாரென்றுதான் ஊரே கேட்கும், அதுதான் வெல்டிங் தொழில். சட்டையில் வெல்டிங் கேஸுக்கான கார்பைடு நாற்றத்தோடு வீட்டுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆந்திரா தனி மாநிலமான சமயத்தில் திருப்பதியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது.

கியர் தண்டு

மலைக்குப் பஸ் ஓட்டும் முனிரத்தினம் ஒருநாள் காலை, இரண்டாக உடைந்த, கியர் மாற்றும் தண்டோடு வந்தார். பஸ்ஸில் யாத்திரிகர்கள் காத்திருந்தார்கள். முனைகளைச் சாணை பிடித்து, சேர்த்துப் பற்றவைத்து, ஆறவிட்டுக் கொடுத்தேன். தண்டை மாட்டிவிட்டு, "நீயும் ஏறுப்பா. நீ ஒட்டினதுதானே" என்றார். ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் கியர் மாற்றிய ஒவ்வொரு வளைவிலும் என் வாய் தானாகக் கோவிந்தா சொன்னது. ஒட்டு விடவில்லை. மலைமேல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் தோளில் கை போட்டார்: "சாமிக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கியா, எல்லாத்தையும் என் கியருக்கே சொல்லிட்டியா?"

கால் கம்பி

நகரியில் தறி நெய்யும் தனம்மா, எட்டு வயது மகள் சரோஜாவை இடுப்பில் சுமந்து வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலைத் தாங்கும் இரும்புக் கம்பி, முட்டியருகே உடைந்திருந்தது. "பத்து நாளா பள்ளிக்கூடம் போவல. எவ்ளோ தூரம் தூக்கிக்கினு போறது?" என்றார்.

ஒட்டு தடித்தால் பிள்ளையின் தோலை உரசும். அரத்தால் தேய்த்துத் தேய்த்து, என் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கட்டிவிட்டேன். சரோஜா பட்டறைக்குள் ஒரு சுற்று நடந்தாள். தனம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை மட்டும் முகம் சுளித்தாள்: "கிறீச்சுன்னு சத்தம் வருது. இனிமே வெல்லம் எடுக்கப் போனா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

சின்னக் கீற்று

சில வருஷம் கழித்து, தமிழ்ப் பக்கத்தோடு இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவானது. அந்தப் பக்கத்து விவசாயி சின்னப்பன், ஊர்ப் பெயர் எழுதிய இரும்புப் பலகையை பஸ் கூரையில் ஏற்றி வந்தார். "தமிழு அப்படியே இருக்கட்டும். கீழ தெலுங்குலயும் வெச்சுக் குடு" என்றார்.

எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். அவர் தந்த தாளைப் பார்த்துத் தகட்டில் எழுத்துகளை வெட்டி ஒட்டினேன். முதல் எழுத்தின் மேல் தனியாக நின்ற சின்னக் கீற்றை மைச் சிதறல் என்று விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் பலகையோடு திரும்பி வந்தார் சின்னப்பன்: "அந்தக் கீத்துதான் எழுத்துக்குத் தலையாம். ஆந்திராவுல சேந்த மொத வாரமே எங்க ஊரு தலைய எடுத்துட்டியே, நைனா."

இத்தனை வருஷம் ஊராருடையதையெல்லாம் ஒட்டிக் கொடுத்த எனக்கு, பொறி பட்டு ஓட்டையான என் சட்டைகளை ஒட்ட மட்டும் கடைசிவரை வழி தெரியவில்லை.